கால் மில்லிமீட்டர் சரிவு

ஜோயல்,

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா உன்னைப் பாட்டுப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்துப் பழக்கிய அளவுதான். அது தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் லிஃப்டில் கீழே இறங்குவதற்குள் படித்து முடித்து, 'ஓகே' என்று ஒரு செய்தி தட்டிவிடுவாய். இதை நீ மெதுவாகப் படிக்க வேண்டும். மெதுவாகச் செய் என்று எதற்காகவும் நான் உன்னிடம் சொன்னதில்லை. இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை நீ படிப்புக்காக ஜெர்மனிக்குக் கிளம்புகிறாய். அதற்குள் ஒரு காகிதத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும், அல்லது போட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். போன ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் அம்மா அதை உன் முன்னால் வைத்தாள். உன் அப்பாவின் பழைய கைத்துப்பாக்கியை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க, வாரிசான உனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிய காகிதம். நீ தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது இப்ப அவரோட பிஸ்டல்மா. அவரையே சைன் பண்ணச் சொல்லு" என்றாய். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன். வாயில் பதில் இருந்தது. அவசரத்தில் நான் சொல்லும் பதில்கள் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும் என்பதால் விழுங்கிவிட்டேன். அந்தப் பதில்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்னது சரி என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதை என்னுடையதாக்கியது நான்தான்.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் உங்கள் வீட்டு மாடியில் நான் குடிவந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு சூட்கேஸும் ஒரு மைக்ரோமீட்டர் பெட்டியும் கொண்டுவந்தேன். ராமச்சந்திராபுரம் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் தர ஆய்வு வேலை. இயந்திரத்திலிருந்து வரும் பாகங்களை அளந்து, சரி, தப்பு என்று இரண்டு தட்டுகளில் போடுவதுதான் வேலை. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உலகத்தில் மூன்றாவது தட்டு ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உன் அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவரை நான் பார்த்ததில்லை. பெரிய தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்க்கும் டர்னராக இருந்தார், கம்பெனி பஸ்ஸில் போய்வருவார், இடது கைக்காரர், நாற்பது வயதுக்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்பதெல்லாம் காலனியில் எல்லாரும் சொல்லித் தெரிந்தது. உன் அம்மா என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவாள். என்னைவிட ஐந்து வயது பெரியவள், கூப்பிடலாம்தான். ஒரு வருடம் கழித்து எங்கள் கல்யாணம் நடந்த பிறகு அந்த வார்த்தையை விழுங்க அவள் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். சர்ச் வாசலில், எல்லார் முன்னாலும், "தம்பி, குடையை எடுங்க" என்றாள். என் பெரியப்பா கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே போனாராம்.

நீ என்னை 'மாடி அங்கிள்' என்றாய். கல்யாணத்துக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டாய். அதற்குப் பதிலாக வேறு எதுவும் வரவில்லை. பன்னிரண்டு வருடமாக, கூப்பிட வேண்டியிருந்தால் நான் இருக்கும் அறைக்கு நடந்து வந்து, என் கண்ணில் படும்படி நின்று, பிறகு பேசுகிறாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உனக்கும் எனக்கும் பதினாறு வயதுதான் வித்தியாசம். உன் இடத்தில் நான் இருந்தாலும் திணறியிருப்பேன்.

நாம் இருவர் மட்டும் முதன்முதலாக வெளியே போன இடம் போலீஸ் ஸ்டேஷன். தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், தேர்தல் முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். சுட முடியாத துப்பாக்கிக்கும் அதே விதிதான். உரிமம் அம்மா பெயரில் இருந்தது, ஆனால் அவளுக்கு அன்று பள்ளியில் தேர்வு மேற்பார்வை. அனுமதிக் கடிதம் எழுதி என் கையில் கொடுத்தாள். நீ பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கின் பின்னால் உட்கார்ந்தாய். டப்பாவுக்குள் ஃப்ளானல் துணியில் சுற்றி அது இருந்தது. சிவப்பு விளக்கில் நான் பின்னால் கை நீட்டி, "கொடுடா, முன்னால வெச்சுக்கறேன்" என்றேன். "நக்கோ. தொடாதீங்க" என்றாய்.

ஸ்டேஷனில் நீண்ட வரிசை. பெரிய பெரிய இரட்டைக் குழல் துப்பாக்கிகளோடு மீசைக்காரர்கள் நின்றிருந்தார்கள். நடுவில் பத்து வயதுப் பையனாக நீ, பிஸ்கட் டப்பாவோடு. நம் முறை வந்ததும் கான்ஸ்டபிள் ரசீதுப் புத்தகத்தைத் திறந்துவைத்து, "கம்பெனி கா நாம் போலோ சாப்" என்றார். கம்பெனி கிடையாது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்க ஆரம்பித்தேன். சோதனைக்காகச் சிலதே செய்து பார்த்த மாதிரித் துப்பாக்கி, உற்பத்திக்கே போகவில்லை, மேலே பெயர் இல்லை, 4 என்று ஒரு எண் மட்டும்தான் இருக்கிறது என்றேன். பெயர் இல்லாமல் ரசீது எப்படிப் போடுவது என்று அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நீ மேசைக்கு மேல் மூக்கை நீட்டி, "மேரே டாடிகா ஹை", என் அப்பாவுடையது, என்றாய். "டாடி கா நாம்?" என்றார். "விக்டர்." அவர் கம்பெனி என்ற கட்டத்தில் 'விக்டர்' என்று எழுதி முத்திரை குத்தினார். நான் விட்டேனா? அது தப்பு, அவர் செய்தவர் இல்லை, வைத்திருந்தவர் என்று அடித்து எழுதச் சொன்னேன். "கைக்கு பரேஷான் ஹோரே சாப். பச்சா போல்ரா நா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பையன் சொல்கிறானே, உனக்கென்ன தவிப்பு என்று அர்த்தம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலிலும் பழைய ரசீதைப் பார்த்தே புதியதை எழுதினார்கள். எல்லாவற்றிலும் விக்டர் கம்பெனிதான். வீட்டில் நான் அதைச் சொல்லிச் சிரிக்காத தேர்தல் இல்லை. நீ ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

ரசீதுடன் திரும்பி வரும் வழியில் இரானி கடையில் நிறுத்தி உஸ்மானியா பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் நீ என்னிடம் முதன்முதலாக நீளமாகப் பேசினாய். உன் தாத்தா ராணுவப் பட்டறையில் ஃபிட்டராக இருந்ததையும், ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி முறையாகக் கடிதம் எழுதி அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனதையும் சொன்னாய். மற்ற துப்பாக்கிகளில் சுட்டதும் மேல்பாகம் பின்னால் வரும், இதில் மட்டும் குழல் முன்னால் ஓடும் என்று டீ கிளாஸை மேசையில் தள்ளிக் காட்டினாய். தூசி பட்டால் சிக்கிக்கொள்கிறது என்று ராணுவம் வேண்டாம் என்றதாம், செய்தவனும் விட்டுவிட்டானாம். "அப்புறம் ஏன் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். வேலை செய்யாத ஒரு மாதிரித் துப்பாக்கியைப் பற்றி அதைத் தவிர வேறு கேள்வி கேட்க எனக்குத் தெரியவில்லை. நீ என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு பிஸ்கட்டை டீயில் நனைத்தாய்.

அதை வைத்து நீயும் அம்மாவும் விளையாடிய விளையாட்டையும் நான் பார்த்திருக்கிறேன். அது சுடாது. சுடும் ஊசியைத் தாத்தா காலத்திலேயே எடுத்துவிட்டார்கள், அதற்கான தோட்டாவும் உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனால் குழலை முன்னால் தள்ளினால் உள்ளே ஒரு சின்னக் கொக்கி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், விசையைத் தொட்டால் 'டக்' என்று திரும்ப வேண்டும். பழைய கொக்கி எப்போதோ உடைந்து தொலைந்துபோய், அந்த இடத்தில் பித்தளையில் ஒன்று இருந்தது. அது சில சமயம் பிடிக்கும், சில சமயம் வழுக்கிவிடும். ஞாயிறு மாலைகளில் நீயும் அம்மாவும் கட்டிலில் உட்கார்ந்து தள்ளிப் பார்ப்பீர்கள். "பிடிக்கும்." "பிடிக்காது." தோற்றவர் டீ போட வேண்டும். அம்மா எப்போதும் 'பிடிக்கும்' என்றே சொல்லி, பெரும்பாலும் தோற்று, டீ போட்டாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று மட்டும்தான் உறுத்தியது. அந்தக் கொக்கி தப்பு. தப்புத் தட்டில் போட வேண்டியது ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது.

உன் பதினொன்றாவது பிறந்தநாளுக்கு என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். எப்படிச் செய்தேன் என்று தெரியாது. அம்மாவிடம் சுத்தம் செய்வதாகச் சொல்லி, அந்தப் பித்தளைக் கொக்கியை வெளியே எடுத்தேன். உரிமம் இல்லாதவன் துப்பாக்கியின் பாகத்தில் கை வைக்கவே கூடாது என்ற சட்டம்கூட எனக்கு அப்போது தெரியாது. பட்டறைக்குக் கொண்டுபோய் அளந்தேன். ஒன்றுகூடச் சரியில்லை. எல்லா அளவுகளையும் என் நோட்டில் எழுதி, சரியான அளவு என்னவாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, நல்ல எஃகில் இயந்திரத்தில் வெட்டி, கடினப்படுத்தி, மெருகேற்றினேன். பித்தளையைக் கழிவுத் தொட்டியில் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை. கை தானாகப் போட்டது.

கேக் வெட்டி முடித்ததும், உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நிற்க, டப்பாவைக் கொடுத்தேன். நீ குழலைத் தள்ளினாய். பிடித்தது. விசையைத் தொட்டாய், டக். மறுபடி தள்ளினாய், பிடித்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்துக்குப் பத்து. நீ நிமிர்ந்து, "முன்னாடி இருந்த பீஸ் எங்க?" என்றாய். "தூக்கிப் போட்டாச்சு. அது பூராவும் தப்புடா. யாரோ தெரியாதவன் செஞ்சது" என்றேன். நீ துப்பாக்கியைத் துணியில் சுற்றி, டப்பாவை மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வந்து, விருந்தாளிப் பிள்ளைகளுக்கு சமோசா பரிமாறினாய். அவ்வளவுதான். அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

மறுநாள் காலை அம்மா சொன்னாள். "அது விக்டர் செஞ்சதுங்க. கடைசி லீவுல. கிச்சன் மேடையில வைஸை மாட்டிக்கிட்டு, ஒரு வாரம் அரத்தால ராவிக்கிட்டே இருந்தாரு. இவன் ஸ்டூல் மேல நின்னு டார்ச் பிடிச்சான்." உப்புமா கிண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முன்னாலயே யாராச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க?" அம்மா கரண்டியை வைத்தாள். "ஹவ், ஆமா. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்போம்" என்றாள். பட்டறைக்கு ஓடினேன். கழிவுத் தொட்டியை முந்தின நாள் மாலையே காலி செய்து அனுப்பிவிட்டார்கள். லாரி போன இடத்துக்குப் போய், குவியலாகக் கிடந்த பித்தளைச் சுருள்களைப் பாதி நாள் கிளறினேன். அந்த வாரம் முழுக்க விரல்களில் பிளாஸ்திரி போட்டிருந்தேனே, கேக் வெட்டும் கத்தி என்று சொன்னேனே, அது கத்தி இல்லை. கிடைக்கவில்லை என்று உன்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். தேடினேன் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளினேன், பிறகு ஒரு மாதம். தள்ளிப்போட்ட மன்னிப்பு துருப்பிடித்த போல்ட் மாதிரி. ஒவ்வொரு மாதமும் இன்னும் கொஞ்சம் இறுகும். பதினொரு வருடம் ஆயிற்று. இப்போது கேட்கிறேன். உன் அப்பா செய்ததை நான் உன்னைக் கேட்காமல் தூக்கிப் போட்டேன். என்னை மன்னித்துவிடு.

நீ போகிற ஊரில் துல்லியத்தைப் பற்றி நிறையச் சொல்லித் தருவார்கள். நன்றாகக் கற்றுக்கொள். ஆனால் எதையும் அளப்பதற்கு முன்னால் அது யாருடையது என்று கேள். இது என்னுடைய எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. இருந்திருந்தாலும் அவசரத்தில் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே புரட்டியிருப்பேன்.

கச்சிபௌலிக்கு வீடு மாற்றியபோது கட்டிப்போட்ட பெட்டிகளில் ஒன்றை, அருங்காட்சியகக் கடிதம் வந்த பிறகு, போன மாதம் பிரித்தேன். என் பழைய நோட்டு அதில் இருந்தது. அந்தப் பித்தளைக் கொக்கியின் அளவுகள் முழுவதும் ஒரு பக்கத்தில் இருக்கின்றன. எவ்வளவு மோசம் என்று காட்டுவதற்காகவே அத்தனை இடத்தில் அளந்திருக்கிறேன். நல்ல பாகமாக இருந்தால் நாலு இடத்தில் அளந்து விட்டிருப்பேன். கீழே சிவப்பு மையில், 'எவன் பார்த்த வேலை இது?' என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. நீ பார்க்க வேண்டும்.

முதலில் எனக்குத் தோன்றியது என்ன என்று நீயே சொல்லிவிடுவாய். அந்த அளவுகளை வைத்து மறுபடி செய்யலாம் என்று நினைத்தேன். அரத்தை எடுத்து நான்கு சனிக்கிழமை ராவினேன். வரவில்லை. என் தப்புகள் வேறு, அவர் தப்புகள் வேறு. பிறகு ஆபீஸ் ஆய்வகத்து இயந்திரத்தில், எல்லாத் தப்பையும் அப்படியே கொடுத்து, பித்தளையில் ஒன்று வெட்டினேன். மைக்ரான் பிசகாமல் வந்தது. கையில் வைத்துப் பார்த்தேன். அளவில் அது உன் அப்பாவின் கொக்கிதான். ஆனால் நான் சொல்லக்கூடிய பொய்களிலேயே பெரிய பொய் அதுதான். துப்பாக்கியில் போடவில்லை. தூக்கியும் போடவில்லை. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் இந்த வீட்டில் இனி எதையும் போடுவதாக இல்லை. என் எஃகுக் கொக்கியை உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடம் கொடுத்துக் கழற்றிவிட்டேன், இந்த முறை சட்டப்படி. அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. கல்லூரியில் உன் முதல் வருடப் பட்டறை வகுப்பில் நீ அரத்தால் ராவிச் செய்த சதுரக் கட்டையை அம்மா ஃபிரிஜ் மேல் பில்களின் மீது வைத்திருக்கிறாளே, வாத்தியார் பாதி மதிப்பெண் போட்டது, அதை நேற்று எடுத்து அளந்தேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். "அதையும் தூக்கிப் போடறதுக்கா?" என்று கேட்டாள். இல்லீங்க, அளக்க மட்டும்தான் என்றேன். இடது விளிம்பு வலதைவிடக் கால் மில்லிமீட்டர் தாழ்வு. நோட்டில் உன் அப்பாவின் கொக்கியை எடுத்துப் பார்த்தேன். இடது விளிம்பு, கால் மில்லிமீட்டர் தாழ்வு. அதே பக்கம், அதே சரிவு. நம்பாமல் மூன்று தடவை அளந்தேன். இரண்டே இரண்டு மாதிரிகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, நீயும் இடது கைக்காரன், இடது கைக்காரர்கள் யார் ராவினாலும் அந்தப் பக்கம்தான் சரியும் என்று என் வாயாலேயே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து அந்தக் கட்டையை என் கையிலிருந்து வாங்கி, துடைத்து, பில்களின் மேல் வைத்தாள்.

நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து இதனுடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் நான் எழுதிய கேள்விக்குக் கீழே இரண்டு வரி இடம் இருக்கிறது. பதிலை நீ எழுது. அருங்காட்சியகப் படிவத்தில், செய்தவர் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று போட்டிருக்கிறேன். பிற்காலத்தில் சேர்த்த பாகங்கள், செய்தவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'பித்தளைக் கொக்கி, விக்டர், டர்னர். இப்போது இல்லை, வேறொருவர் தூக்கிப் போட்டார். அளவுகள் இணைப்பில்' என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். நீ சரி என்றால் அதை நீ பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடு. அந்த நோட்டுப் பக்கம் துப்பாக்கியோடு கண்ணாடிப் பெட்டிக்குப் போகும்.

வேண்டாம் என்றால் படிவத்தைக் கிழித்துப் போடு. எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. உரிமத்தைப் புதுப்பித்து டப்பாவை அலமாரியின் மேல்தட்டிலேயே வைக்கிறேன். நீ திரும்பி வரும்வரை, ஒவ்வொரு தேர்தலுக்கும் நானே அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். என்னால் வரிசையில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது என்று உனக்குத் தெரியும். நிற்கிறேன். கம்பெனி பெயர் கேட்டால் விக்டர் என்று சொல்கிறேன்.

மாடி அங்கிள்